குழாய் முனையில் வருகைப்பதிவு

கல்லூரி மாணவர்களின் பணியிடப் பயிற்சிக்கான விதிகளில் ஒரு பிரிவு இருக்கிறது. மாணவரின் வருகை குறித்து ஐயம் எழுந்தால், பயிற்சி கொடுத்த நிறுவனம் கையெழுத்திட்டுத் தரும் சான்றே முடிவானது என்று அது சொல்கிறது. இரண்டு வரிகூட வராது. படித்தவுடன் புரிகிறது. பணிக்காலம் முழுவதும் விதிகளோடு குடித்தனம் நடத்தியவள் என்ற முறையில் சொல்கிறேன், இப்படி ஒரு விதி அமைவது அபூர்வம். அதனால்தானோ என்னவோ, அதை யாரும் எடுத்துப் பயன்படுத்தவில்லை.

நான் செங்கல்பட்டில் அரசு அலுவலகம் ஒன்றில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து பார்த்தேன். வீட்டில் எந்தத் தபாலுக்கும் எண் கிடையாது, எந்த முடிவுக்கும் குறிப்பு கிடையாது. எனக்கு ஒத்துவரவில்லை. அப்போதுதான் மாமல்லபுரத்துக்குத் தெற்கே கடலோரத்தில் இறால் குஞ்சு பொரிப்பகம் நடத்துபவர் வந்து கூப்பிட்டார். உரிமப் புதுப்பிப்புக்காக எங்கள் அலுவலகத்துக்குப் பல வருடம் அலைந்தவர். மீனவக் குப்பத்தில் பிறந்து, குஞ்சு ஏற்றிப்போகும் வேன் ஓட்டி, பிறகு சொந்தமாக ஆரம்பித்தவர். அவரை எத்தனை தடவை நாளைக்கு வரச் சொல்லியிருப்பேன் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. "ஃபைலு நீங்க பாத்துக்கங்க மேடம். இறாலு நான் பாத்துக்கறேன்" என்றார். இருவருக்கும் நியாயமான ஏற்பாடாகத் தோன்றியது.

ஹேச்சரி என்று எல்லோரும் சொல்லும் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் தகரக் கொட்டகைகள். உள்ளே இருட்டறைகளில் சிமெண்ட் தொட்டிகள், தொட்டிகளில் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இறால் குஞ்சுகள். குஞ்சுகளுக்கு உணவு பழுப்புநிறப் பாசி. பாசிக்கென்று தனியறை, அதில் குழல்விளக்குகள் அணைவதே இல்லை. வாசலில் பர்மாங்கனேட் தண்ணீரில் கால் நனைத்துத்தான் உள்ளே போகலாம். செல்போனை வெளியே பெட்டியில் போட்டுவிட வேண்டும். இவை எல்லாம் உயிரோடு இருப்பது கடல்தண்ணீரால். அந்தத் தண்ணீர் கரையிலிருந்து கடலுக்குள் நீளும் ஒரு குழாய் வழியாக வருகிறது. அலை உடையும் இடத்துக்கும் அப்பால் குழாயின் முனை இருக்கிறது. மீன்பிடிப் படகுகள் அதில் மோதாமலிருக்க மிதவை கட்டி, மூங்கிலில் ஒரு கறுப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள்.

கோடை விடுமுறையில் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி கல்லூரியிலிருந்து கடிதம் வந்தபோது முதலாளிக்கு விருப்பமில்லை. செல்ஃபி எடுக்க வருவார்கள், தொட்டியில் கைவைப்பார்கள், குஞ்சு செத்தால் யார் பொறுப்பு என்றார். எடுத்துக்கொண்டால் உரிமப் புதுப்பிப்பின்போது நல்ல பெயர் என்று நான் சொன்ன பிறகு சம்மதித்தார். நாலைந்து பேர் வருவதாக இருந்தது. மற்றவர்கள் குளிரூட்டிய அலுவலகங்களைத் தேடிக்கொண்டார்கள். கருங்குழியிலிருந்து ஒரே ஒரு பெண் வந்தாள். விலங்கியல், இரண்டாம் ஆண்டு முடித்தவள். அப்பா லோடு ஆட்டோ வைத்திருந்தார். கொஞ்சம் நிலமும் உண்டு.

"நாலு பேருன்னீங்களே மேடம், ஒண்ணுதான் கீது?" என்று முதலாளி அவள் காதுபடவே கேட்டார்.

"மத்தவங்க வந்தா அவங்கள பாத்துக்கறதுக்கு ஒரு ஆளு வேணும் சார். நான் வந்தா வேல நடக்கும்" என்றாள் அவள்.

அன்று மதியத்துக்குள் குளோரின் நெடி தாங்காமல் சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள். முதலாளி அவளை வீட்டுக்கு அனுப்பும்படி எனக்குக் கண்ஜாடை காட்டினார். அவள் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து, அடுத்து எந்தத் தொட்டி என்று கேட்டாள். சார் என்று கூப்பிட்டதற்கு, தான் என்ன வாத்தியாரா என்று அவர் சலித்துக்கொள்ள, மறுநாளிலிருந்து அவர் அண்ணன் ஆனார். பாசி அறை அவள் பொறுப்புக்கு வந்தது. இரண்டு பேரும் செங்கல்பட்டில் ஒரே பஸ் ஏறுவோம். திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை அவள் என் தோளில் தலைசாய்த்துத் தூங்குவாள். நான் ஜன்னலோரம் விட்டுக்கொடுத்தது என் பணிக்காலத்தில் யாருக்கும் செய்யாத சலுகை.

வருகைப்பதிவு செல்போன் செயலியில். தினமும் பணியிடத்தில் நின்று படம் எடுத்து அனுப்ப வேண்டும். படத்தோடு இடமும் பதிவாகும். கொட்டகைக்குள் போனும் கூடாது, சிக்னலும் கிடையாது. ஆகவே அவள் வாசலில் நின்று படம் எடுத்து அனுப்புவாள். பதிவு பெறப்பட்டது என்று செயலி நன்றி சொல்லும். பயிற்சி முடிந்தது. சான்று கொடுத்தோம். வழியனுப்ப முதலாளி மாமல்லபுரம் பஸ் நிலையத்திலிருந்து வடகறி வாங்கிவரச் செய்து எல்லோருக்கும் நாஸ்தா போட்டார். அவர் வரலாற்றில் அது பெரிய விழா.

ஐந்தாம் பருவத் தேர்வு முடிவு பொங்கல் சமயத்தில் வந்தது. அவள் நேராக ஹேச்சரிக்கு வந்தாள். எல்லாப் பாடத்திலும் தேர்ச்சி, பணியிடப் பயிற்சியில் மட்டும் அரியர். காரணம், பயிற்சி நாட்கள் அத்தனையிலும் மாணவி பணியிடத்துக்கு வெளியே இருந்திருக்கிறார்.

ஒரு நாளும் தவறாமல் வந்தவள். நான் அவளுடைய போனை வாங்கி, செயலியில் பணியிடம் எங்கே என்று காட்டச் சொன்னேன். வரைபடம் விரிந்தது. நீலமாக இருந்தது. கொஞ்சம் நகர்த்திப் பார்த்தேன், இன்னும் நீலம். கரைக்கு வெகு அப்பால், வங்காள விரிகுடாவில், ஒரு சிவப்புப் புள்ளி நின்றுகொண்டிருந்தது.

நிறுவனத்தைப் பதிவு செய்த தாள்களெல்லாம் நான் தயாரித்தவை. வரைபடத்தில் இடத்தைக் குறிக்கும் வேலை மட்டும் முதலாளியின் போனில்தான் முடியும், ஓடிபி அவருக்குத்தான் வரும். அன்று நான் விடுப்பில் இருந்தேன். அவரைக் கூப்பிட்டு வரைபடத்தைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"கரெக்டாதான கீது" என்றார்.

இது கடல் என்றேன்.

"தெரியுது மேடம். கம்பெனி எங்க கீதுன்னு கேட்டுச்சு, காட்டினேன். ஷெட்டு வாடகக்கு. எடம் குத்தகக்கு. தொட்டிகூட பேங்க்குதுதான். என்துன்னு சொல்லிக்க அந்தக் கொழா ஒண்ணுதான் கீது."

தாய் இறாலும் வாங்காமல் கொட்டகையும் பிடிக்காமல், வேன் விற்ற காசில் முதலில் குழாயைத்தான் அவர் கடலுக்குள் இறக்கினாராம். குப்பத்தில் சிரித்திருக்கிறார்கள். தண்ணீர் வந்தால் மற்றதெல்லாம் வரும் என்று இருந்திருக்கிறார். நிலத்தில் பிறந்த ஒருவர் இந்தப் பிழையைச் செய்திருக்க மாட்டார். கதவைக் காட்டியிருப்பார், பெயர்ப்பலகையைக் காட்டியிருப்பார். இவர் தனக்கென்று உள்ளதைக் காட்டினார்.

அவளுக்கு இதில் என்ன நஷ்டம் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். பயிற்சி கோடையில் மட்டும்தான். அரியரை நீக்க அடுத்த கோடையில் ஜூனியர்களோடு மறுபடி செய்ய வேண்டும், பட்டம் ஒரு வருடம் தள்ளிப்போகும். எங்கள் டெக்னீஷியன் நெல்லூர்க்காரர், இந்தக் குஞ்சுப் பருவத்தோடு ஊருக்குப் போகிறார். ஹேச்சரி உரிமத்தில் பட்டம் பெற்ற, அல்லது அந்த வருடமே பெறப்போகும் ஒருவர் பெயர் இருந்தாக வேண்டும். அந்த இடம் அவளுக்கு என்று பேசி வைத்திருந்தோம். ஒரு வருடம் காலியாக வைக்க உரிமம் இடம் கொடுக்காது. பட்டம் பிறகு வரட்டும், இப்போதே வேலைக்கு வந்துவிடு என்று முதலாளி சொல்லிப் பார்த்தார்.

"பேப்பர் இல்லாம வந்தா நான் இங்க தொட்டி கழுவற பொண்ணு அண்ணா. பேப்பரோட வந்தா டெக்னீஷியன். எங்க வூட்ல அந்த வித்தியாசம் நல்லா தெரியும்" என்றாள்.

நான் எழுதினேன். பொருள், பார்வை, விதிப்பிரிவு எல்லாம் சேர்த்து, எங்கள் சான்றே முடிவானது என்று விதி சொல்வதைச் சுட்டிக்காட்டி, கல்லூரிக்கு ஒன்று, பல்கலைக்கழகத்துக்கு ஒன்று. வருகை பல்கலைக்கழகத்தின் செயலியைச் சேர்ந்தது என்று கல்லூரி சொன்னது. மாணவி கல்லூரியைச் சேர்ந்தவர் என்று பல்கலைக்கழகம் சொன்னது. இரண்டும் உண்மை. என் இளமைக்காலத்தில் நானே இதைவிட அழகாக இந்தப் பந்தை அடித்திருக்கிறேன் என்பதால் குறை சொல்ல மனம் வரவில்லை. செயலிக்கென்று ஒரு உதவி மையம் இருந்தது. அங்கே புகார் போட்டால் உடனே பதில் வந்தது: உங்கள் புகார் தீர்க்கப்பட்டு மூடப்பட்டது.

நேரில் போனோம். பயிற்சி ஒருங்கிணைப்பாளர் ஒரு கௌரவ விரிவுரையாளர். சின்ன வயது. மேஜை முழுக்க மற்றவர்களின் வேலை. எங்களுக்கு டீ சொன்னார், தனக்குச் சொல்லிக்கொள்ளவில்லை. நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நான் நம்பறேன் மேடம். சிஸ்டம் நம்பணுமே" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். தவறான இருப்பிடம் கொடுத்துவிட்டோம் என்று நிறுவனம் ஒப்புக்கொண்டு எழுதிக் கொடுத்தால் மாணவியின் நாட்களை மன்னித்துவிடலாம். அதற்கு விதி உண்டு. நிறுவனத்தைப் பட்டியலிலிருந்து நீக்குவார்கள், அவ்வளவுதான்.

இது கைமேல் பலன் தரும் வழி என்று எனக்கு உடனே தெரிந்தது. அந்த ஒப்புதல் தாள் எங்கெல்லாம் போகும் என்பதும் தெரிந்தது. தவறான தகவல் தந்தவர் என்ற ஒரு வரி கோப்பில் ஏறினால் மனிதர் போன பிறகும் வரி இருக்கும். உரிமம் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அதை அடிக்கோடிட்டு மேலே அனுப்புவார். நான் அனுப்பியிருக்கிறேன்.

முதலாளி யோசிக்கவேயில்லை. "எழுதிக்க மேடம். படிக்காதவன், தெரியாம போட்டுட்டான்னு எழுது. கையெழுத்து போட்டுத் தரேன். பொண்ணு பாஸ் ஆவட்டும்." எனக்கு ஒருமையும் மரியாதையும் கலந்து கொடுக்கும்போது அவர் உண்மையாகப் பேசுகிறார் என்று அர்த்தம்.

நான் வரைவை எழுதத் தொடங்கினேன். அவள் என் எதிரில் நின்றுகொண்டிருந்தாள். வந்த இடத்தில் பாசி அறைக்குள் ஒரு நடை போய்த் திரும்பிய கை, விரல் இடுக்கெல்லாம் பழுப்பு. பேனா தாளைத் தொட்டதும் அவள் தாளின்மேல் கையை வைத்தாள். கறை பட்டது.

"வேணாம் மேடம். அவரு தப்பா ஒண்ணும் போடலயே. எது அவருதோ அத காட்டினாரு. அத தப்புன்னு எழுதி நான் பாஸ் ஆவணுமா?"

"ஒரு வருசம் போயிடும்மா" என்றார் முதலாளி.

"போவட்டும். உங்களுக்கு ஆளு இல்லன்னா வேற ஆள வச்சிக்கோங்க." சொல்லி முடித்ததும் அவள் முகம் உடைந்தது. அவள் திரும்பிப் போய்க் காலை பர்மாங்கனேட்டில் நனைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். முதலாளி வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இன்னா பொண்ணு மேடம் இது, பேஜாரு" என்றார்.

அன்று பஸ்ஸில் அவள் தூங்கவில்லை. தப்பா போடலயே என்பது மட்டும் எனக்குள் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிரியத்தில் சொன்னாள். எனக்கு எதுவும் கோப்பாகத்தான் தெரியும். உரிமத்தோடு இணைத்த வரைபடத்தில் நிறுவனத்தின் எல்லை எங்கே தொடங்குகிறது? நானே சரிபார்த்து அனுப்பிய வரைபடம். நீர் உறிஞ்சும் முனையிலிருந்து தொடங்கி, குழாய்வழி, மணல் வடிகட்டி, கொட்டகை என்று முடியும். அரசு ஏற்றுக்கொண்டு முத்திரை வைத்த எல்லை. அப்படியானால் முதலாளி காட்டியது சரியான இடம். கொட்டகை வாசலில் நின்ற மாணவியும் எல்லைக்குள்தான் நின்றாள். ஒரு புள்ளியைச் சுற்றிச் சிறிய வட்டம் போட்டு மீதியை வெளியே தள்ளியது செயலிதான். இதில் மன்னிக்க என்ன இருக்கிறது, யாருக்கு மன்னிப்பு?

மறுநாள் ஒருங்கிணைப்பாளரிடம் போனில் சொன்னேன். வாதம் நன்றாக இருக்கிறது, ஆனால் இருப்பிடம் பற்றி எதைச் சொன்னாலும் அந்த இடத்தில் எடுத்த, இடம் பதிவான படம் இணைக்க வேண்டும் என்றார். சோதனைக்காக ஒரு நாள் மட்டும் அவளுடைய வருகைப்பதிவைத் திறந்துவிடுவதாகவும் சொன்னார். அந்த இடம் கடலில் இருக்கிறதே என்றேன். "அதான் மேடம்" என்றார் பரிதாபமாக.

ஆகவே போனோம். தை மாதத்துக் கடல், அலை அடங்கியிருந்த காலை. முதலாளியின் சித்தப்பா மகனுடைய ஃபைபர் படகு. சுற்றுலாக்காரர்களுக்கு வைத்திருந்த ஆரஞ்சு மிதவைச் சட்டைகளை இரவல் வாங்கி வந்திருந்தார்கள். கடல் உள்ள மாவட்டத்திலேயே உத்தியோகம் பார்த்துக் கிழவியானவள், கடலில் கால் வைத்ததோடு சரி. புடவைக்கு மேல் அந்தச் சட்டையை மாட்டி, இரண்டு பேர் கையைப் பிடித்து ஏற்றினார்கள். நிறுவனத்தின் சார்பில் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டியவள் நான், சம்பவ இடத்தில் இல்லாமல் போட எனக்குப் பழக்கமில்லை. ஏறியதும் எழுந்து நின்று திசை பார்க்கப் போனேன்.

"குந்து மேடம்" என்றார் முதலாளி. "கரையிலதான் நீங்க மேடம். இங்க நான்."

உட்கார்ந்தேன். அவர் எஞ்சினைக் கிளப்பினார். அலைக்கு முகத்தைக் கொடுத்துப் படகு எம்பியபோது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள், அல்லது நான் பிடித்துக்கொண்டேன். உடையும் அலையைத் தாண்டியதும் தண்ணீர் சமனானது. அவர் கொடியைத் தேடவில்லை. திரும்பிக் கரையைப் பார்த்தார், கலங்கரை விளக்கத்தைப் பார்த்தார், எஞ்சினை நிறுத்தினார். கறுப்புக் கொடி பக்கத்தில் ஆடிக்கொண்டிருந்தது.

அவள் போனை எடுத்தாள். ஈரத்தில் விரல் பதியவில்லை. முதலாளி தன் சட்டையின் உள்பக்கத்தால் திரையைத் துடைத்துக் கொடுத்தார். செயலி திறந்தது. சக்கரம் சுற்றியது. பிறகு பச்சை. நீங்கள் பணியிடத்தில் இருக்கிறீர்கள், இன்றைய நாள் இனிதாக அமையட்டும் என்றது.

அவள் முதலில் சிரித்தாள். நானும் சிரித்தேன். நாலாபக்கமும் தண்ணீர், நடுவில் ஒரு கொடி, பணியிடம். சிரித்துக்கொண்டே இருந்தவள் முகத்தை முழங்காலில் புதைத்துக்கொண்டாள். தோள் குலுங்கியது. நான் அவள் முதுகில் கை வைத்தேன். ஆரஞ்சுச் சட்டையின் தடிமனில் அவளுக்கு அது தெரிந்திருக்காது.

முதலாளி எங்கள் பக்கம் பார்க்கவில்லை. குனிந்து தண்ணீருக்குள் கையை விட்டு, மிதவைக் கயிற்றைப் பிடித்து இழுத்துப் பார்த்தார். "உறுதியா கீது" என்றார், யாரிடம் என்றில்லாமல். கொஞ்சம் கழித்து அவளிடம் கரையைக் காட்டினார். கொட்டகைகள் தீப்பெட்டி போல் தெரிந்தன. "அங்க பாரு, எவ்ளோ சின்னதா கீது. அதுக்கா இவ்ளோ அழுவற."

படம் எடுக்கும்போது கொடியும் கரையும் அவளும் ஒரே சட்டத்தில் வர வேண்டும் என்று நான் நின்று நிதானித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். உட்காரும்படி மறுபடி திட்டு வாங்கினேன்.

புதிய விண்ணப்பம் போனது. உரிம வரைபடத்தின் நகல், படகில் எடுத்த படம், சாட்சியாக என் கையெழுத்து. விதிப்பிரிவை மறுபடி மேற்கோள் காட்டினேன், பழக்கதோஷம். ஒருங்கிணைப்பாளர் தன் குறிப்போடு மேலே அனுப்பினார். அந்தக் குறிப்பு வேண்டிய அளவுக்கு மேல் நீளமாக இருந்தது. கௌரவ விரிவுரையாளர் ஒருவர் இன்னொருவர் பிள்ளைக்காக அவ்வளவு எழுதத் தேவையில்லை.

பிறகு காத்திருந்தோம். நான் ஒரு நினைவூட்டு அனுப்பினேன், அதற்கு ஒரு நினைவூட்டு அனுப்பினேன். அவள் சனிக்கிழமைகளில் வரத் தொடங்கினாள். யாரும் வரச் சொல்லவில்லை, எந்தச் செயலியும் திறக்கவில்லை. காலை நனைப்பாள், போனைப் பெட்டியில் போடுவாள், பாசி அறைக்குள் போய்விடுவாள். வேறு ஆள் தேடச் சொன்னவளிடம் முதலாளி தேடிவிட்டதாகவும் சொல்லவில்லை, தேடவில்லை என்றும் சொல்லவில்லை. உரிமத்துக்காக டெக்னீஷியன் பெயர் எழுத வேண்டிய தாளை நான் மேஜைமேல் வைத்தால் அவர் அதைத் தூக்கி அலமாரியில் போடுவார். காலக்கெடு நெருங்குகிறது என்பேன். "நெருங்கட்டும்" என்பார்.

பல்கலைக்கழகத்தின் பதில் ஒரு பிற்பகலில் என் போனுக்கு வந்தது. நிறுவனத்தின் விளக்கம் ஏற்கப்பட்டது. மாணவியின் பயிற்சி நாட்கள் முழுமையாகக் கணக்கில் கொள்ளப்படுகின்றன. திருத்திய மதிப்பெண் பட்டியல் வழங்கப்படும். பணியிடத்தின் வட்டத்தைப் பெரிதாக்குவது குறித்துத் தனியே பரிசீலிக்கப்படும். எந்த விதியின்படி ஏற்றார்கள் என்று மட்டும் குறிப்பிடவில்லை. கேட்டு எழுதலாமா என்று ஒரு கணம் கை பரபரத்தது.

அவளுக்குப் போன் செய்தேன். கல்லூரியில் இருந்தாள். முழுவதும் படித்துக் காட்டினேன். "அண்ணன் பேருக்கு ஒண்ணும் இல்லயே மேடம்?" என்று கேட்டாள். அவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை, நிறுவனம் பட்டியலில் இருக்கிறது என்றேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள். படித்தேன்.

முதலாளி கடற்கரையில் இருந்தார். மாசி மகத்துக்குக் கடலாட வந்து கூடாரமடித்த கூட்டம் கலைந்துகொண்டிருந்தது, குழாய்ப் பக்கம் யாரும் குப்பை போடாமல் பார்த்துக்கொண்டு நின்றார். நான் மணலில் நடந்துபோய்ச் சொன்னேன். அவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அப்புறம், அந்தத் தாளை அலமாரியிலிருந்து எடுத்துவைக்கச் சொன்னார், அவள் பெயரை நானே எழுத வேண்டும், என் கையெழுத்துத்தான் படிக்கிற மாதிரி இருக்கிறது என்றார்.

திரும்பி வந்து பதிலை அச்செடுத்துக் கோப்பில் சேர்த்தேன். மேல் ஓரத்தில், வந்த தேதியை எண்ணில் போடாமல் பேனாவால் எழுதினேன்: மாசி மகத்துக்கு மறுநாள்.